நீலத்திண்டு உதிரும் வாரம்

வெள்ளிக்கிழமை அடக்கம் முடிந்தது. ஞாயிறு மாலை குப்பையைக் கொட்டுவதற்காக அல்முட் கதவைத் திறந்தபோது, வெளிக் கைப்பிடியில் பலகை தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு கை அகலமுள்ள ஓக் பலகை. மேலே ஒரு துளை, அதில் சணல் கயிறு. சூட்டுக்கோலால் எழுதிய ஒரே வரி: ‘இந்த வாரம் பெருக்கல் உங்களுடையது.’

அதைத் தொங்கவிட்டது யார் என்று யோசிக்க வேண்டியதில்லை. நெக்கர் ஆற்றுச் சரிவில் தெருவிலிருந்து மேலேறும் அந்தப் படிக்கட்டுக்கு இரண்டே வீடுகள். முப்பதாம் படியில் அவள் அம்மா ஒட்டிலி பீலின் வாசல். நாற்பத்துமூன்றாம் படியில், உச்சியில், ஹேகெலெயின் வாசல். படிக்கட்டு இரு வீட்டுக்கும் பொது. ஒரு வாரம் இவர்கள் பெருக்க வேண்டும், மறு வாரம் அவர்கள். ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் பலகை கை மாறும். பனிக்காலத்தில் பெருக்கலோடு பனி அள்ளுவதும், வழுக்காமல் கல்தூள் தூவுவதும் சேர்ந்துகொள்ளும்.

அல்முட் பலகையைக் கழற்றினாள். பதின்மூன்று படி ஏறிப் போய் ஹேகெலெ வீட்டுக் கைப்பிடியில் மாட்டினாள். மணி அடிக்கவில்லை. இறங்கி வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏறக்குறைய நான்கு வாரங்களுக்கு முன் அம்மா விழுந்த அன்றும் இந்தப் பலகை இதே கைப்பிடியில்தான் தொங்கியது. அம்மாவுக்கு வயது எழுபத்தொன்பது. மார்புச் சளியில் பத்து நாள் படுத்துக் கிடந்தவள், பிப்ரவரி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில் துடைப்பத்தையும் கல்தூள் வாளியையும் எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறாள். பத்தொன்பதாம் படியில் கால் வழுக்கியது. தபால் கொண்டுவந்த பெண்தான் முதலில் பார்த்தாள். தொடை எலும்பு முறிவு, அறுவைச் சிகிச்சை, பிறகு நுரையீரல். மூன்று வாரத்தில் எல்லாம் முடிந்தது.

அல்முட் கட்டுமானப் பொறியாளர். வடக்கே, ரயிலில் நான்கு மணி நேரத் தொலைவிலுள்ள நகரத்தில், பழைய பாலங்கள் இன்னும் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்கிட்டுச் சொல்வது அவள் வேலை. ஏதாவது இடிந்தால் முதலில் தேதியைப் பார்ப்பாள், பிறகு அளவெடுப்பாள். இங்கேயும் அதைத்தான் செய்தாள். ரசமட்டத்தைப் பத்தொன்பதாம் படியில் வைத்துப் பார்த்தாள். படி முன்பக்கமாக ஒன்பது மில்லிமீட்டர் சாய்ந்திருந்தது. அது பழைய கதை, அம்மாவுக்கும் தெரிந்ததுதான். தேதியைப் பார்த்தாள். அது ஆண்டின் ஏழாவது வாரம். இந்த ஊரில் எல்லாமே வார எண்ணில்தான் ஓடும்: குப்பை வண்டி, பள்ளி விடுமுறை, பல் மருத்துவர். ஒற்றைப்படை வாரம் ஹேகெலெயுடையது, இரட்டைப்படை அம்மாவுடையது என்று அவள் கடந்த வருடம் வந்திருந்தபோதெல்லாம் பார்த்திருக்கிறாள். ஏழு ஒற்றைப்படை. அப்படியானால் பனி அள்ள வேண்டியவர் ஹேகெலெ. எண்பத்துநாலு வயதுக் கிழவர் சோம்பல்பட்டுப் பலகையை ஒரு நோயாளியின் கதவில் மாட்டிவிட்டிருக்கிறார். இப்போது பதினோராவது வாரம் தொடங்கப்போகிறது. அதுவும் ஒற்றைப்படை. அதே வேலையைத் துக்க வீட்டிலும் செய்திருக்கிறார்.

மருத்துவமனையில் அவள் கேட்டிருந்தாள்: “பலகையை அவர்தானே மாட்டினார்?”

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். வாயோரம் லேசாகச் சிரிப்பு வந்து போனது. “நீலத்திண்டுச் செடிங்களுக்குப் பனியில ஒண்ணும் ஆகலையே?” என்று மட்டும் கேட்டாள்.

அதை அல்முட் ‘ஆம்’ என்று எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த மனிதர் தன் எதிரில் நின்று, நான்தான் மாட்டினேன் என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு குனிந்து பெருக்க வேண்டும். எதைப் பெருக்குவது என்பதை அம்மா முப்பது வருடங்களுக்கு முன்பே நட்டு வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

*

ஒட்டிலி பீல் பின்னலாடை ஆலையில் துணி வெட்டியவள். நாற்பது அடுக்குத் துணியை ஒன்றாக வைத்து, சுண்ணாம்புக் கோட்டில் ஒரு நூல்கூடப் பிசகாமல் வெட்டும் கை. கணவர் அல்ஃபோன்ஸ் கடைசல் பட்டறையில் வேலை பார்த்தார். 1985 வசந்தத்தில், மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடியே பட்டறையில் சரிந்து விழுந்து இறந்தார். வெள்ளிக்கிழமை அடக்கம் செய்தார்கள். சனிக்கிழமை மூன்று மணிக்கு வாசல் மணி அடித்தது. வீட்டில் உறவினர்கள் பின்னல் ரொட்டியும் காப்பியுமாக உட்கார்ந்திருந்தார்கள். அல்முட்தான் கதவைத் திறந்தாள். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது.

ஹேகெலெ தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். நில அளவை அலுவலகத்தில் எழுத்தர். எல்லாவற்றையும் எழுத்தில் வைப்பவர்.

“அம்மாவைக் கூப்பிடுங்க.”

ஒட்டிலி வந்தாள்.

“துக்கம் எனக்கும் தெரியுது, பீலம்மா. நல்ல மனுஷன். ஆனா சனிக்கிழமை மூணு மணி ஆயிருச்சு, படி இன்னும் பெருக்கல. இந்த வாரம் உங்களுது.”

“நேத்துதான் புதைச்சோம், ஐயா.”

“அதான் நேத்து நான் ஒண்ணும் சொல்லலையே.”

ஒட்டிலி கறுப்பு உடையைக்கூட மாற்றவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உச்சிப்படிக்கு ஏறினாள். நாற்பத்துமூன்று படிகளையும் மேலிருந்து கீழ்வரை பெருக்கினாள். அல்முட் அம்மாவிடமிருந்து துடைப்பத்தைப் பிடுங்கப் பார்த்தாள், அம்மா தரவில்லை. பெருக்கி முடிக்கும் வரை ஹேகெலெ தன் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சரியாகப் பெருக்குகிறாளா என்று பார்த்தார் என்பது ஒட்டிலியின் எண்ணம்.

அந்த ஆகஸ்டில் அவள் நீலத்திண்டு என்ற படர்பூச்செடியை நட ஆரம்பித்தாள்.

படிக்கட்டின் இடதுபக்கம் முழுக்க அவளுடைய தோட்டச் சுவர். சுண்ணாம்புக்கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கிய சுவர், மூன்றாம் படியிலிருந்து நாற்பதாம் படி வரை ஏறிப்போகும். கல்லுக்குக் கல் இடுக்கு. நீலத்திண்டுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? நாலு விரல் உயரத்துக்கு மேல் வளராது. பக்கவாட்டில்தான் போகும், ஒரு செடி மூன்று வருடத்தில் ஒரு நாற்காலி மெத்தை அளவுக்குப் படரும். குளிர்காலத்திலும் இலை காயாது. ஏப்ரல், மே மாதங்களில் இலையே கண்ணுக்குத் தெரியாமல் நாலிதழ்ப் பூ மூடிக்கொள்ளும். ஊதா, கருநீலம், கொஞ்சம் இளஞ்சிவப்பு.

கல்லறைத் தோட்டக்காரரிடம் கேட்டு, வேர்விட்ட துண்டுகளை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு துண்டின் வேரையும் களிமண்ணும் சுண்ணாம்புக்கல் பொடியும் பிசைந்த உருண்டைக்குள் பொதிந்து, இடுக்கில் தள்ளி, கல் சில்லால் ஆப்பு வைத்தாள். உரம் போடவில்லை. உரம் போட்டால் இலை கொழுக்கும், பூ வராது. முதல் கோடையில் மட்டும் மெல்லிய மூக்குள்ள எண்ணெய்க் குப்பியில் தண்ணீர் நிரப்பி இடுக்கிடுக்காக ஊற்றினாள். பிறகு அதையும் நிறுத்திவிட்டாள். பஞ்சத்தில் வளர்ந்தால்தான் வேர் சுவருக்குள் போகும் என்றாள்.

மூன்றாம் வசந்தத்தில் சுவரே தெரியவில்லை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஹேகெலெயின் மனைவி ஃப்ரீடாவும் பார்த்து, “என்ன அழகுங்க!” என்றாள்.

“இருங்க, இன்னும் வேலை பாக்கி இருக்கு” என்றாள் ஒட்டிலி.

பூ முடிந்ததும் நீலத்திண்டைப் பாதிக்குப் பாதி வெட்டிவிட வேண்டும். இல்லையென்றால் நடுவில் வழுக்கை விழுந்து, காம்பு மட்டும் நிற்கும். ஒட்டிலி மே மாதக் கடைசியில், ஹேகெலெயின் வாரமாகப் பார்த்து, திங்கட்கிழமைக் காலை ஏழரை மணிக்கு ஆலையிலிருந்து கொண்டுவந்த துணிக் கத்தரியோடு சுவரில் உட்கார்ந்தாள். முப்பத்தெட்டுப் படி நீளத்துக்கும் செடிகளை வெட்டினாள். வாடிய பூவும் இலையும் காம்பும் படியில் கணுக்கால் உயரத்துக்கு விழுந்தன. பிறகு மழை பெய்தது. எல்லாம் கல்லோடு ஒட்டிக்கொண்டது.

ஹேகெலெ இறங்கி வந்தார். “பீலம்மா, என்னங்க இது? படி முழுக்க ஊதாவா கிடக்கு?”

“பூங்க.”

“அது தெரியுது. யாரு அள்ளுறது?”

“பலகையைத் திருப்பிப் பாருங்க ஐயா. உங்க கையெழுத்துதான்.”

பலகையின் பின்பக்கத்தில் ஒரு விதி இருந்தது. 1974-இல் ஹேகெலெயே எழுதி ஒட்டியது. அவர் தோட்டத்து பிர்ச் மரம் வருடம் பூராவும் படியில் பூஞ்சரமும் விதையும் கொட்டும். அதை அல்ஃபோன்ஸ் ஒருமுறை கேட்டதற்குப் பதிலாக எழுதியது அந்த விதி: ‘படியில் விழுந்தது எங்கிருந்து வந்ததானாலும், எந்த வாரத்தில் விழுந்ததோ அந்த வாரத்தாரே அள்ள வேண்டும்.’

ஹேகெலெ மேலே தன் கதவில் தொங்கிய பலகையைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். ஏறிப்போய் வாளி கொண்டுவந்தார். துடைப்பத்துக்கு வராததைக் கரண்டியால் சுரண்டினார். இரண்டு நாள் ஆயிற்று. ஒட்டிலி தன் ஜன்னலில் நின்று பார்த்தாள். காப்பிக் கோப்பையோடு.

அதன்பிறகு வருடந்தோறும் அதே வேலை. அவர் பிர்ச் மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு வந்து நின்றார். “மரமே போயிருச்சு. இனி அந்த விதி எதுக்குங்க?”

“மரத்துக்கா எழுதினீங்க? பொதுவால்ல எழுதியிருக்கு.”

இன்னொரு வருடம், அவள் தேவாலயப் பாட்டுக் குழுவுக்குப் போயிருந்த நேரத்தில், சுவரில் உப்புநீர் ஊற்றினார். ஆறு திண்டு கருகிப்போனது. ஒட்டிலி அந்த இடுக்குகளை நோண்டி மண்ணை மாற்றிப் புதிதாக நட்டாள், இரண்டு வரிசை கூடுதலாக. “இடம் காலி பண்ணிக் குடுத்தீங்க, நன்றி ஐயா” என்றாள்.

ஃப்ரீடா சாகும் வரை இதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். “இந்த மனுஷனை வருஷத்துக்கு ஒரு வாட்டியாவது குனிய வைக்கிறீங்க பீலம்மா, நல்லா இருப்பீங்க.” அவளுடைய அடக்கத்துக்கு மறுநாள் ஒட்டிலியின் வாரமாக இருந்தது. பெருக்கினாள்.

அல்முட் தொலைபேசியில் ஒருமுறை கேட்டாள்: “இன்னும் எத்தனை வருஷத்துக்கும்மா?”

“அவர் முதுகு தாங்கற வரைக்கும்.”

“உன் முதுகு?”

“என் முதுகு வெட்டத்தான் வேணும். அள்ளறது அவரு.”

*

அல்முட் அலுவலகத்துக்கு எழுதி விடுப்பை நீட்டிக்கொண்டாள். வீட்டை விற்பதா என்று தரகர் ஒருவர் கேட்டுவிட்டுப் போனார். ஜூன் வரை பேச்சே வேண்டாம் என்றாள்.

அவள் திருப்பி மாட்டிய பலகையை ஹேகெலெ மறுக்கவில்லை. திங்கள் காலையிலேயே துடைப்பம் உரசும் சத்தம் கேட்டது. குற்றமுள்ள நெஞ்சு என்று அவள் நினைத்தாள். அடுத்த ஞாயிறு அவர் பலகையை மாட்டினார், அவள் ஏற்றுக்கொண்டாள். அது பன்னிரண்டாவது வாரம், இரட்டைப்படை. அப்படியே மாறி மாறிப் போனது. படியில் எதிர்ப்பட்டால் அவர் தொப்பியைத் தூக்குவார். அவள் சுவரைப் பார்ப்பாள்.

சுவர் அவளிடம் வேலை வாங்கியது. பனியில் நான்கு திண்டுகள் வேரோடு வெளியே தள்ளியிருந்தன. அம்மா செய்த மாதிரியே களிமண் பிசைந்தாள். முதல் உருண்டை காய்ந்து உதிர்ந்துவிட்டது, பொடி அதிகம். இரண்டாவது நின்றது. பாலத்தின் இடுக்குக்கு எவ்வளவு விசையில் காரை செலுத்துவது என்று அவளுக்குத் தெரியும். ஒரு செடி மூச்சுவிட எவ்வளவு இறுக்கலாம் என்பது விரலால்தான் தெரிய வேண்டியிருந்தது. அம்மாவின் விரல் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தாள். அந்த நினைப்பு வந்தபோது படியில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்தபோது பாவாடையில் சுண்ணாம்பு.

ஏப்ரல் மூன்றாம் வாரம் சுவர் பூத்தது. அவள் அதைப் பார்த்து மகிழவில்லை. பாரம் அளந்தாள். பின்பக்கத் தோட்டத்தில் படர்ந்திருந்த திண்டுகளில் ஒரு மீட்டர் நீளத்தை ஒத்திகையாக வெட்டி நிறுத்துப் பார்த்தாள். இரண்டு கிலோவுக்கு மேல். சுவர் பதினெட்டு மீட்டர். ஈரத்தோடு நாற்பது கிலோ தேறும். எண்பத்துநாலு வயதுக் கிழவர் நாற்பது கிலோவைத் தெருவிலுள்ள தழைத் தொட்டிக்கு இறக்க வேண்டும். முதல்நாள் மாலை குழாயைத் திறந்து படியை நனைத்துவிட்டால் ஒட்டிக்கொள்ளும். அவர் பத்தொன்பதாம் படியில் மண்டியிடும்போது, மேலிருந்து கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கலாம்.

மே கடைசியில் அந்தத் திங்கட்கிழமை வந்தது. இருபத்தொன்றாவது வாரம். அவருடையது.

அம்மாவின் துணிக் கத்தரியை எடுத்துக்கொண்டு சுவரில் உட்கார்ந்தாள். கத்தரி கையில் பொருந்தவில்லை. அம்மாவின் கட்டைவிரலுக்குத் தேய்ந்த வளையம். மேலே கதவு திறந்தது. ஹேகெலெ இறங்கி வந்தார். முழங்கால் மெத்தை கட்டியிருந்தார். துடைப்பம், கரண்டி, இரண்டு வாளி. சலவை செய்த மேலங்கி.

“உங்கம்மா ஏழரைக்கே ஆரம்பிச்சிருவாங்க. மணி எட்டாச்சு, என்ஜினியரம்மா.”

“அவசரமா, ஐயா?”

“நான் ரெடியா இருக்கேன்னு சொன்னேன்.”

“அப்ப இதுக்குப் பதில் சொல்லுங்க.” நினைத்ததற்கு முன்பே கேள்வி வாயில் வந்துவிட்டது. “பிப்ரவரியில, ஏழாவது வாரம். ஒத்தப்படை. உங்க முறை. பலகை ஏன் எங்கம்மா கதவுல தொங்குச்சு?”

அவர் வாளியைக் கீழே வைத்தார். “போன வருஷத்துக்கு எத்தனை வாரம்?”

“ஐம்பத்திரண்டு.”

“எண்ணிப் பாருங்க.”

அவள் எண்ணினாள். ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை ஆண்டுக்கு ஐம்பத்துமூன்று வாரம் வந்துவிடும். கடந்த ஆண்டு அப்படி. ஐம்பத்துமூன்றாவது வாரமும் ஒற்றைப்படை, அதை அடுத்து வரும் முதல் வாரமும் ஒற்றைப்படை. பலகைக்கு எண் தெரியாது. அது கை மாறிக்கொண்டே இருக்கும். அவர் ஐம்பத்துமூன்றில் பெருக்கினால், முதல் வாரம் அம்மாவுடையது. மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது.

ஏழாவது அம்மாவுடையது.

பாலத்துக்குப் பாரம் கணக்கிடும் ஒருத்தி, நாட்காட்டியை எண்ணாமல் விட்டிருக்கிறாள்.

“அப்ப பதினொண்ணாவது வாரமும்…” என்றாள்.

“உங்களுதுதான். கைப்பழக்கத்துல மாட்டிட்டேன். வீட்டுக்குள்ள போய் உக்காந்தப்பதான் உறைச்சுது, அங்க உங்கம்மா இல்லன்னு. திரும்ப எடுத்துறலாம்னு வந்தேன். அதுக்குள்ள நீங்க என் கதவுல மாட்டிட்டுப் போயிட்டீங்க. சரின்னு பெருக்கினேன்.”

அல்முட் கத்தரியை இறுக்கிப் பிடித்தாள். கோபம் எங்கே போவது என்று தெரியாமல் நெஞ்சில் நின்றது. “உடம்பு முடியாம கிடந்தாங்க. இருமல் சத்தம் உங்களுக்குக் கேட்டிருக்கும். முறைன்னா முறையா?”

“கேட்டுச்சு.” அவர் துடைப்பத்தின் மேல் இரண்டு கையையும் வைத்தார். “ஞாயித்துக்கிழமை பலகையோட மணி அடிச்சேன். ‘இந்த வாரமும் நானே பாத்துக்கறேன், பீலம்மா. நீங்க படுங்க’ன்னேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“‘ஏன், எனக்கு யாராச்சும் செத்துட்டாங்களா?’ன்னு கேட்டாங்க.”

அல்முட் கத்தரியை மடியில் இறக்கினாள்.

“அதுக்கு நான் என்னத்தச் சொல்ல? பலகையை என் கையிலேருந்து வாங்கி அவங்களே மாட்டினாங்க. ‘முப்பத்தொரு வருஷமா ஒரு வாரம்கூட நீங்க விட்டுக் குடுத்ததில்ல. இப்ப பிச்சை போட வராதீங்க’ன்னு கதவைச் சாத்திட்டாங்க.”

அவர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த முதல் வாக்கியத்தை ஹேகெலெயால் இட்டுக்கட்ட முடியாது. அது அம்மாவின் குரல், அம்மாவின் கத்தரி. மருத்துவமனைப் படுக்கையில் வாயோரம் வந்து போன சிரிப்பு எதற்கென்றும் இப்போது விளங்கியது.

“அன்னிக்கு ஒரு வாரம் விட்டிருக்கணும்” என்றார் ஹேகெலெ. எந்த நாளை என்று சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. “எழுதி வச்சா மாத்தக் கூடாதுன்னு வளர்ந்தவன் நான். ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். பாதியிலயே தெரிஞ்சுபோச்சு, தப்புன்னு. ஆனா எறங்கி வரல. எப்படி வர்றதுன்னு தெரியல. அடுத்த மூணாவது வருஷம் இந்தப் பூவைப் படியில பாத்தப்ப, சத்தியமாச் சொல்றேன், கோபம் வந்தது. கொஞ்ச வருஷம் போனப்புறம் கோபம் வரல. மே மாசம் வந்தா முழங்கால் மெத்தையை எடுத்து வெயில்ல போடுவேன்.” அவர் வாளியைக் காலால் அவள் பக்கம் நகர்த்தினார். “வெட்டுங்க. இது என் வாரம். நான் அள்ளறேன்.”

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் பயம் இல்லை, சலிப்பு இல்லை. பசித்தவன் பரிமாறுவதற்குக் காத்திருப்பது போல் நின்றார்.

அல்முட்டுக்கு அப்போதுதான் புரிந்தது. அம்மா முப்பது வருடமாக இந்த மனிதரைத் தண்டித்ததாக நினைத்துக்கொண்டு, வருடத்துக்கு இரண்டு நாள் அவர் பாவத்தைக் கழுவத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். நாற்பது கிலோ பூவை அள்ளிவிட்டு அவர் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். இன்று அவள் வெட்டினால் இன்றும் தூங்குவார்.

கத்தரியை மூடி அதன் கொக்கியை மாட்டினாள். சுவரிலிருந்து இறங்கினாள்.

“இன்னிக்கு வெட்டப் போறதில்ல.”

“ஏங்க? பூவெல்லாம் முடிஞ்சிருச்சே.”

“முடியல. இன்னும் இருக்கு.”

*

அந்த வாரம் முழுக்க அவர் வந்து வந்து பார்த்தார். தானாக உதிர்ந்த ஒன்றிரண்டு இதழ்களைக் குனிந்து பொறுக்கினார். வியாழக்கிழமை, “வெயில் நல்லாத்தானே இருக்கு?” என்றார். வெட்டுவதற்கு வெயில் கூடாது என்றாள். சனிக்கிழமை மேகம் மூடியது. “இன்னிக்கு வெயிலும் இல்ல” என்றார்.

“இல்லதான்.”

“நாளையோட என் வாரம் முடியுது, அல்முட்.” முதல்முறையாகப் பெயர் சொன்னார்.

“எண்ணத் தெரியும், ஐயா. இப்ப தெரியும்.”

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அவர் பலகையைக் கொண்டுவரவில்லை. ஆறரைக்கும் வரவில்லை. அல்முட் பதின்மூன்று படி ஏறினாள். அவர் கைப்பிடியிலிருந்து பலகையைத் தானே கழற்றிக்கொண்டு வந்து தன் கதவில் மாட்டினாள். மேலே அவர் ஜன்னல் திரை அசைந்தது.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு, அடக்கத்துக்கு உடுத்திய கறுப்பு உடையில் சுவரில் ஏறினாள். துணிக் கத்தரி இப்போது கொஞ்சம் சொன்னபடி கேட்டது. ஒவ்வொரு திண்டையும் பாதிக்குப் பாதி, சுண்ணாம்புக் கோடு போட்டது போல் வெட்டினாள். பத்து மணிக்குச் சுவர் பச்சையாக நின்றது, படி ஊதாவாகக் கிடந்தது. கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு உச்சிப்படிக்கு ஏறினாள். ஹேகெலெயின் வாசலிலிருந்து பெருக்கத் தொடங்கினாள்.

அவர் சமையலறை ஜன்னலில் நின்றார். முப்பத்தொரு வருடத்துக்கு முன் நின்ற அதே ஜன்னல், அதே இடம். அவள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள், அவர் பார்க்கிறாரா என்று உறுதிசெய்துகொள்ள. பார்த்தார்.

முப்பதாம் படிக்கு அவள் வந்தபோது மேலே அவர் கதவு திறந்தது. முழங்கால் மெத்தை இல்லை. வாளி மட்டும் இருந்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி அவளுக்கு இரண்டு படி மேலே வந்து நின்றார்.

“ஒரு வாளியாச்சும் கீழ எடுத்துட்டுப் போய்ப் போடறேன்.”

அவள் பெருக்கிக்கொண்டே இருந்தாள்.

“வயசானவன் கேக்கறேன்.”

“இது உங்க வாரம் இல்லீங்க, ஹேகெலெ ஐயா.”

அது ஒட்டிலியின் குரல் என்று அவருக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். கம்பியை இன்னும் கெட்டியாகப் பிடித்தார். பிறகு கேட்டார்: “வீட்டை வித்துருவீங்களா?”

“விக்கல. ரெண்டு வாரத்துக்கு ஒரு வாட்டி வருவேன். என் முறைக்கு.”

“அப்ப அடுத்த வருஷம் பூ?”

“அடுத்த வருஷமும் என் வாரத்துலதான் வெட்டுவேன். அதுக்கடுத்த வருஷமும்.”

அவர் வாளியோடு நின்றார். அதில் ஒன்றும் இல்லை. பிறகு திரும்பி, மேலே ஏறத் தொடங்கினார். பெருக்கிய படிகளில் அவர் காலுக்குக் கீழே ஒரு இதழ்கூட இல்லை.

அல்முட் குனிந்தாள். பத்தொன்பதாம் படிக்கு வந்தபோது அந்த ஒன்பது மில்லிமீட்டர் சாய்வில் ஈரப் பூ வழுக்கியது. காலை அகட்டி வைத்துக்கொண்டு, கரண்டியால் சுரண்டி, வெறும் கையால் அள்ளினாள். கை ஊதாவாயிற்று. முதுகு வலித்தது. அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது: வெட்டுவது மட்டுமே தன் வேலை, அள்ளுவது அவர் வேலை. அதை அவள் மாற்றிவிட்டாள்.

மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கீழே இன்னும் பதினெட்டுப் படிகள் இருந்தன.